வேனுக்குள் தனியாக, பாலைவனத்தில் ஒரு குளிர்காலம்: அரிசோனா, கலிஃபோர்னியா பக்கம் இருந்தவர்கள் சொல்லுங்கள்

மணல்மேடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அக்டோபர் கடைசியில் சான் ஹோசே வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, ஏப்ரல் வரை வேனிலேயே இருப்பதாக முடிவு செய்திருக்கிறேன். சொனோரன், மொஹாவி பாலைவனங்களில்தான் பெரும்பாலும் இருப்பேன். வேலை லேப்டாப்பில், எங்கிருந்தும் செய்யலாம்.

வேன் முன்பு கூரியர் டெலிவரிக்கு ஓடியது. உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். பின்சக்கர இழுவை மட்டும்தான், ஃபோர் வீல் டிரைவ் கிடையாது. கட்டில், 12 வோல்ட் ஃபிரிட்ஜ், ஒற்றை அடுப்பு, மேலே 200 வாட் சோலார் பேனல் எல்லாம் போட்டாகிவிட்டது.

துணைக்கு ஆள் தேடவில்லை. தனியாகப் போவது பல வருட ஆசை. எங்கே தங்குவது, தண்ணீருக்கு என்ன வழி, வண்டி மணலில் புதைந்தால் என்ன செய்வது, இந்த மூன்றும்தான் இப்போது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அம்மா திருமங்கலத்தில் தனியாக இருக்கிறார். அவரிடம் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை.

வைகைக்கரை எழுதியது:

சகோதரி, உங்கள் ஆசையைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மனதில் பட்டதைச் சொல்லாமல் போக முடியவில்லை. 1996 ஜூலையில் ஜெர்மனியிலிருந்து வந்த நான்கு பேர், அதில் இரண்டு குழந்தைகள், வாடகை மினிவேனில் கலிஃபோர்னியாவின் டெத் வேலி பாலைவனத்துக்குள் போனார்கள். அக்டோபரில் அன்வில் கேன்யன் என்ற பள்ளத்தாக்கில் வேன் மட்டும் கிடைத்தது. டயர்கள் காற்று போய்க் கிடந்தன. பெரியவர்களின் எலும்புகள் 2009-ல்தான், அங்கிருந்து பல மைல் தள்ளிக் கிடைத்தன. நான்கு பேர் சேர்ந்து போயே இப்படி ஆகியிருக்கிறது. நீங்கள் தனியாள். இரண்டு வண்டியாகச் சேர்ந்து போகிறவர்கள் எவ்வளவோ பேர் இருக்கிறார்கள், அவர்களோடு போகலாமே?

கள்ளிக்காடு எழுதியது:

வைகைக்கரை அண்ணா சொன்ன சம்பவத்தை இந்தப் பக்கம் சுற்றுகிற எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஆனால் அது தனியாகப் போனதால் வந்த சாவு இல்லை. போனது ஜூலை மாதம். வண்டி போகக்கூடாத தடத்தில் போனது. வண்டி நின்றதும் அதை விட்டு நடந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்கள் அந்தப் பள்ளத்தாக்கில் இருப்பது யாருக்கும் தெரியாது. விமானத்தில் திரும்பி வரவில்லை என்று தெரிந்த பிறகும் எங்கே தேடுவது என்று தெரியவில்லை. பத்துப் பேர் போயிருந்தாலும் அதுதான் நடந்திருக்கும்.

மணல்மேடு, நான் பல வருடமாக வேனில் தனியாக இருக்கிறேன். முதலில் பருவத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். தாழ்வான பாலைவனத்தில் நவம்பர் முதல் மார்ச் வரை இருக்கலாம். அரிசோனாவின் குவார்ட்சைட் ஊர் கடல்மட்டத்திலிருந்து 270 மீட்டர்தான். ஜனவரியில் பகலில் அரைக்கைச் சட்டை போதும், இரவில் ஸ்வெட்டரும் கம்பளியும் வேண்டும். வானம் தெளிவாக இருப்பதால் சூரியன் இறங்கினதும் சூடு மளமளவென்று போய்விடும். ஏப்ரலில் வெயில் ஏறத் தொடங்கும்போது நாமும் மலை ஏற வேண்டும். 1000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும். வட அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் ஊர் 2100 மீட்டர், ஜூனில்கூட அங்கே பைன் மரத்தடியில் நிறுத்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்கலாம். வேனுக்குள் ஏசி வைத்துக் கோடையை பாலைவனத்தில் கழிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த ஏசி ஒரு மதியம் நின்றுபோனால் தகரப் பெட்டிக்குள் மாட்டிக்கொள்வீர்கள்.

தங்குவதற்கு: பி.எல்.எம். என்கிற மத்திய அரசின் நில மேலாண்மைத் துறையின் நிலங்களில், தடை போட்ட இடங்கள் போக மற்ற இடங்களில், பொதுவாக 14 நாள் இலவசமாக இருக்கலாம். அதற்குப் பிறகு அந்த வட்டாரத்தை விட்டு நகர வேண்டும். எத்தனை மைல் தள்ளிப் போக வேண்டும் என்பது அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும், அதனால் அந்தந்த அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். அடிக்கடி இடம் மாற வேண்டாம் என்றால் குவார்ட்சைட்டுக்குத் தெற்கே லா போஸா என்ற நீண்டகாலத் தங்கல் பகுதி இருக்கிறது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை முழுப் பருவத்துக்கும் 180 டாலர், 14 நாளுக்கு 40 டாலர் என்பதுதான் நான் கட்டிவந்த கட்டணம். குடிதண்ணீர்க் குழாய், குப்பைத் தொட்டி, கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் இடம் எல்லாம் உண்டு. வேனுக்குள் கழிப்பறை இல்லாதவர்கள் அங்கே இருக்கும் பொதுக் கழிப்பறைக்குப் பக்கத்தில்தான் நிறுத்த வேண்டும் என்று விதி இருக்கிறது, அதைக் கவனியுங்கள்.

முதல் மாதத்தை அங்கே கழியுங்கள் என்பது என் கருத்து. தனியாக இருக்கலாம், ஆனால் கூப்பிடு தூரத்தில் ஆள் இருக்கும். ஜனவரியில் பாப் வெல்ஸ் தொடங்கிவைத்த வேன்வாசிகள் கூட்டம் அந்தப் பக்கம்தான் வழக்கமாக நடக்கும். குவார்ட்சைட் போனால் கல்லறைத் தோட்டத்தில் ஹாஜி அலியின் சமாதியையும் பாருங்கள். 1850-களில் அமெரிக்க ராணுவம் பாலைவனத்தில் சரக்குச் சுமக்க ஒட்டகங்களைக் கொண்டுவந்தபோது கூடவே வந்த ஒட்டகக்காரர் அவர். கல்லால் கட்டிய சின்னப் பிரமிடு, உச்சியில் ஒரு ஒட்டகம். எங்கிருந்தோ வந்து இந்த மண்ணிலேயே வாழ்ந்து 1902-ல் இறந்தவர். அங்கே போகும்போதெல்லாம் எனக்கு மனசு நெகிழ்ந்துவிடும்.

ஈச்சமரம் எழுதியது:

மஸ்கட்டிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் ஓமானின் வஹிபா மணல்மேடுகளுக்குப் போவோம், சில தடவை எல்லை தாண்டி அமீரகத்தின் லிவா வரைக்கும். இங்கே எழுதாத சட்டம் ஒன்று உண்டு: ஒற்றை வண்டியாக மணலுக்குள் இறங்கவே கூடாது. ஒன்று புதைந்தால் இன்னொன்று இழுக்க வேண்டும். டயர் காற்றை 15 பிஎஸ்ஐ வரை இறக்குவோம், ரோட்டுக்கு வந்ததும் ஏற்றுவோம். ஃபோர் வீல் டிரைவ் இல்லாத கனமான வேன் மணலில் இறங்கினால் நாலு அடியில் உட்கார்ந்துவிடும். தனியாக எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. கள்ளிக்காடு விளக்க முடியுமா?

கள்ளிக்காடு எழுதியது:

ஈச்சமரம், அங்கே உங்கள் விதி ரொம்பச் சரி. இங்கே தரை வேறு மாதிரி. சொனோரனில் பெரும்பகுதி சரளைக்கல்லும் இறுகிய மண்ணும்தான். மணல்மேடுகள் இருக்கும் இடங்கள் கொஞ்சம், வேனில் அங்கே போக வேண்டிய தேவையே இல்லை. இங்கே வண்டி புதைவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: தண்ணீர் ஓடிக் காய்ந்த ஓடைப் படுகை. வறண்ட வைகையில் கால் வைத்தவர்களுக்கு அந்த மணல் தெரியும். மேலே காய்ந்து கெட்டியாகத் தெரியும், உள்ளே பொலபொல.

எனவே மணல்மேடு, புது மண்பாதை வந்தால் வண்டியை நிறுத்திவிட்டு முதலில் நடந்து பாருங்கள். செருப்புக் குதிகால் புதைகிற இடத்தில் வேனை விடாதீர்கள். திரும்ப இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். மீறிச் சக்கரம் சுழன்றால் உடனே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். மிதிக்க மிதிக்க அச்சு வரைக்கும் இறங்கும். மண்வெட்டி, சக்கரத்துக்கு அடியில் கொடுக்கும் பிளாஸ்டிக் பலகை இரண்டு, காற்று அளக்கும் கருவி, 12 வோல்ட் கம்ப்ரஸர், இந்த நான்கும் பின்கதவைத் திறந்ததும் கைக்கு எட்ட வேண்டும். கட்டிலுக்கு அடியில் மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தால் பிரயோஜனம் இல்லை. கனமான வேனுக்கு டயர் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவையும் சுமையையும் பார்த்துத்தான் காற்றை இறக்க வேண்டும். எல்லா வண்டிக்கும் 15 என்பது பொருந்தாது.

ஓடைப் படுகை தட்டையாக, நிழலாக, காற்று மறைவாக இருக்கும். பார்த்தால் தங்கத் தோன்றும். அங்கே ஒரு இரவுகூட நிறுத்த வேண்டாம். மழை நம் தலைக்கு மேல் பெய்ய வேண்டும் என்றே இல்லை, முப்பது மைல் தள்ளி மலையில் பெய்தாலும் வெள்ளம் இங்கே வரும். 2023 ஆகஸ்ட் 20 அன்று ஹிலாரி புயலின் மழை டெத் வேலியில் இருக்கும் ஃபர்னஸ் க்ரீக்கில் ஒரே நாளில் 2.2 அங்குலம் கொட்டியது. கிட்டத்தட்ட ஒரு வருட மழை. சாலைகள் அறுத்துக்கொண்டு போய், டெத் வேலி பூங்கா அக்டோபர் 15 வரை மூடிக் கிடந்தது.

எல்லாம் கைமீறி வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டு நடக்காதீர்கள். வேன்தான் நிழல், வேன்தான் தண்ணீர், மேலேயிருந்து தேடுகிறவர்கள் கண்ணில் படுவதும் வேன்தான். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், கார்மின் இன்ரீச் மாதிரி. ஐஃபோன் 14 முதல் வந்தவற்றில் செயற்கைக்கோள் அவசரச் செய்தி வசதி இருக்கிறது, ஆனால் நான் அதை மட்டும் நம்பியிருக்க மாட்டேன். போன் கீழே விழுந்து உடையும், சூட்டில் தானாக அணையும். ஹெலிகாப்டர் வந்து தூக்கிவிடும் என்று கோடையில் நம்பவும் கூடாது. 49 டிகிரியைத் தாண்டினால் காற்று லேசாகி, மருத்துவ ஹெலிகாப்டர்கள் டெத் வேலியில் பாதுகாப்பாகப் பறக்க முடியாது. 2024 ஜூலையில் அங்கே பகலிரவு சேர்த்துச் சராசரியே 42 டிகிரிக்கு மேல். மறுபடியும் பருவத்துக்கே வருகிறேன், மன்னிக்கவும், ஆனால் அதுதான் பாதி உயிரைக் காக்கும்.

ஆம்பியர் எழுதியது:

கரண்ட் பக்கம் நான் சொல்கிறேன். 200 வாட் பேனல், நீங்கள் பேட்டரி என்ன என்று எழுதவில்லை. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் 100 ஆம்பியர்-அவர் என்று வைத்துக்கொண்டால் சுமார் 1.2 கிலோவாட்-அவர் கையில் இருக்கும். 12 வோல்ட் ஃபிரிட்ஜ் குளிர்காலத்தில் ஒரு நாளைக்கு 30 ஆம்பியர்-அவர் அளவுக்கு எடுக்கும். அதோடு லேப்டாப், இணையக் கருவி, ஃபேன். டிசம்பரில் சூரியன் தெற்கே தாழ்ந்து ஓடுவதால் கூரையில் படுத்திருக்கும் பேனல் பெயரளவு வாட்டைத் தராது. மேகம் மூடி இரண்டு நாள் நின்றால் திண்டாட்டம்தான். அதற்காகவே இன்ஜின் ஓடும்போது வீட்டு பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டிசி-டிசி சார்ஜரைப் போடச் சொல்வேன். இன்னொரு பேனல் வாங்கும் காசுக்கு அது மேல்.

இந்த வகை பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் செல் பழுதாகும். ஃபிளாக்ஸ்டாஃப் பக்கம் சீக்கிரமே ஏறினால் காலையில் அந்த நிலை வரலாம். குறைந்த வெப்பநிலையில் தானாக நிறுத்தும் பாதுகாப்பு உங்கள் பேட்டரியில் இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரியைக் கட்டில் பக்கம், உள்ளே வையுங்கள்.

ஹீட்டர் பற்றி ஒன்று. உள்ளேயே திறந்த தீயாக எரியும் புரொப்பேன் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு தூங்க வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. டீசல் ஹீட்டர் என்றால் எரிக்கும் காற்றை வெளியிலிருந்து எடுத்துப் புகையை வெளியே விடும். எதை வைத்தாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டில் பக்கத்தில் இருக்கட்டும்.

மணல்மேடு எழுதியது:

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. பேட்டரி 100 ஆம்பியர்-அவர்தான், லித்தியம். டிசி-டிசி சார்ஜர் இல்லை, இந்த வாரமே பார்க்கிறேன்.

கேட்கக் கூச்சமாக இருந்த கேள்விகள் இனி. தண்ணீர் எவ்வளவு வைத்துக்கொள்வது? சமையல், குளியல், கழிப்பறை எல்லாம் எப்படி? இரவில் பெண் தனியாக இருப்பது வெளியே தெரியாமல் இருக்க ஏதாவது செய்ய வேண்டுமா?

நெல்லிக்கனி எழுதியது:

இதற்கு நான் வருகிறேன். மூன்று குளிர்காலமாக கலிஃபோர்னியாவின் அன்ஸா-பொரேகோ பூங்காவிலும் அரிசோனாவின் கோஃபா சரணாலயத்திலும் மாறி மாறி இருக்கிறேன். இரண்டும் கூட்டம் குறைவு, அழகும் அதிகம், நிலா இல்லாத இரவுகளில் வானத்தைப் பார்த்துக்கொண்டே உட்காரலாம்.

தண்ணீர்: குடிக்க மட்டும் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்பதுதான் பூங்காக்காரர்கள் சொல்லும் குறைந்தபட்ச அளவு. குளிர்காலத்தில் அவ்வளவு குடிக்க மாட்டோம், ஆனால் கணக்கை அதில்தான் போட வேண்டும். நான் 20 லிட்டர் கேன் மூன்று வைத்திருக்கிறேன். மூன்றாவதைத் தொட்டால் மறுநாள் ஊருக்கு. ஒரே பெரிய தொட்டி வேண்டாம், அது கசிந்தால் எல்லாம் போச்சு. பாலைவன ஊர்களில் சில்லறை போட்டுக் குடிநீர் பிடிக்கும் இயந்திரங்கள் நிறைய உண்டு.

சமையலில் நம் ஆட்களுக்கு ஒரு வசதி, குக்கர். இரண்டு லிட்டர் சின்னக் குக்கரில் அரிசியும் பருப்பும் அடுக்கி வைத்தால் தண்ணீரும் மிச்சம், கேஸும் மிச்சம். கஞ்சி வடிப்பதை மறந்துவிடுங்கள். பாத்திரத்தை முதலில் டிஷ்யூவால் வழித்து எடுத்துவிட்டு ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் அடித்துத் துடைத்தால் ஒரு டம்ளரில் முடிந்துவிடும். தயிர் பகலில் டாஷ்போர்டுக்குக் கீழே துணி சுற்றி வைத்தால் சாயங்காலத்துக்குள் கெட்டியாக உறையும். குளியல் என்றால் ஈரத்துண்டு தினமும், தலைக்கு ஊற்றுவது ஊருக்குப் போகும் நாளில். லாண்டிரி கடை சிலவற்றில் ஷவரும் இருக்கும்.

கழிப்பறை: மூடி போட்ட வாளி, உள்ளே கெட்டியான பை, பூனைக் கழிவுக்குப் போடும் ஈரம் உறிஞ்சும் மணல். பையைக் கட்டி ஊரில் குப்பையில் போட வேண்டும். குழி தோண்டிப் புதைக்கலாம் என்பார்கள். மழையே இல்லாத மண்ணில் அது மக்க ரொம்ப நாள் எடுக்கும், டிஷ்யூ வருடக்கணக்கில் கிடக்கும். தயவுசெய்து எடுத்துக்கொண்டு போங்கள். இலவசத் தங்கல் இடங்கள் ஒவ்வொன்றாக மூடப்படுவதற்கு இந்த அசிங்கமும் ஒரு காரணம்.

பாதுகாப்பு: வண்டியின் முகம் எப்போதும் வெளியே போகும் பாதையைப் பார்த்து நிற்கட்டும். படுக்கையிலிருந்து கீழே இறங்காமலேயே டிரைவர் சீட்டுக்குப் போக வழி இருக்க வேண்டும், நடுவில் பீரோ மாதிரி எதையும் வைத்து அடைக்காதீர்கள். இருட்டுவதற்குள் இடம் பிடித்துவிடுங்கள். யாராவது வந்து நின்ற விதம் பிடிக்கவில்லையா, காரணம் யோசிக்க வேண்டாம், சாவியைத் திருகிக் கிளம்புங்கள். இருக்கும் இடத்தின் படத்தை அங்கே இருக்கும்போதே போடாதீர்கள், கிளம்பின பிறகு போடலாம். எனக்கு இதுவரை மனிதர்களால் தொல்லை வந்ததில்லை. பக்கத்தில் நிறுத்தும் எழுபது வயதுப் பாட்டிகள்தான் முதல் நாளே வந்து பெயர் கேட்டு, காலையில் திரை விலகவில்லை என்றால் கதவைத் தட்டுவார்கள்.

கடைசியாக ஒன்று, யாரும் சொல்லாதது: பெரிய பல் வைத்த சீப்பு ஒன்று வெளியே நடக்கும்போது பையில் இருக்கட்டும். சோய்யா (cholla) என்று ஒரு கள்ளி. லேசாக உரசினாலே உருண்டை உருண்டையாகக் கழன்று கணுக்காலில் ஒட்டும். முள் நுனியில் பின்னோக்கிய செதில் இருப்பதால் கையால் பிடுங்கினால் கைக்கும் ஏறும். சீப்பை உருண்டைக்கும் தோலுக்கும் நடுவில் கொடுத்து ஒரே இழுப்பாக வெளியே சுண்டிவிட வேண்டும். அப்புறம் அரிசோனாவின் டூசான் நகரம் பக்கம் எலிகள் இன்ஜின் வயரைக் கடிக்கும். இரவில் பானட்டைத் திறந்து வைப்பது அங்கே எல்லோரும் செய்வது.

கோப்புக்கட்டு எழுதியது:

ஒரு இடைச்செருகல். நீங்கள் எச்1பி விசாவில் இருந்தால் இரண்டு விஷயம் பாருங்கள். குடியுரிமை இல்லாதவர்கள் முகவரி மாறினால் 10 நாளுக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். வேலை செய்யும் இடம் வேறு பெருநகரப் பகுதிக்கு மாறினால் நிறுவனம் திருத்த மனு போட வேண்டியிருக்கும். சான் ஹோசே பெயரில் மனு இருக்க, மாதக்கணக்கில் அரிசோனாவில் உட்கார்ந்து வேலை செய்வது பின்னால் பிரச்சினை ஆகலாம். கிளம்புவதற்கு முன் நிறுவனத்தின் வழக்கறிஞரிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். கிரீன் கார்டு என்றால் முகவரி விஷயம் மட்டும்தான்.

மணல்மேடு எழுதியது:

கிரீன் கார்டு வந்துவிட்டது, முகவரிக்கு ஃப்ரீமான்ட்டில் இருக்கும் அக்கா வீட்டைக் கொடுக்கிறேன். நினைவுபடுத்தியதற்கு நன்றி.

நேற்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "தினமும் ஒரு போன் வருமா வராதா, அதை மட்டும் சொல்லு" என்றார்.

வைகைக்கரை எழுதியது:

அம்மா கேட்டதைத்தான் நானும் முதலில் கேட்டிருக்க வேண்டும் சகோதரி. கள்ளிக்காடு எழுதியதைப் படித்த பிறகு என் யோசனையும் அங்கேதான் வந்து நிற்கிறது: தனியாகப் போவதைவிட, எங்கே இருக்கிறோம் என்று யாருக்கும் தெரியாமல் போவதுதான் ஆபத்து. அந்த ஏற்பாட்டை எப்படிச் செய்யப்போகிறீர்கள்? சிக்னல் இல்லாத இடத்தில் இருக்கும்போது போன் வராவிட்டால் அம்மா பதறிப்போவாரே.

கள்ளிக்காடு எழுதியது:

நான் செய்வதைச் சொல்கிறேன், அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

தினமும் ஒரே நேரத்தில் செய்தி. அரிசோனாவில், நவஹோ பழங்குடியினர் பகுதி தவிர, கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, அதனால் இந்தியாவுக்கும் அந்த மாநிலத்துக்கும் வருடம் முழுக்கப் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம்தான். மாலை 7 மணிக்கு அனுப்பினால் அம்மாவுக்குக் காலை 7.30. கொலராடோ ஆற்றைத் தாண்டிக் கலிஃபோர்னியா பக்கம் வந்துவிட்டால் குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் மாறும், அதைச் சொல்லிவைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எட்டரை வரை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சிக்னல் இல்லை என்றால் செயற்கைக்கோள் கருவியில் முன்பே எழுதி வைத்த ஒரு வரியும் இடத்தின் குறியீடும் போகும், அதற்குத் திறந்த வானம் போதும்.

செய்தி வராவிட்டால் எப்போது பயப்படுவது என்பதையும் நீங்களே நிர்ணயம் செய்து கொடுங்கள். ஒரு நாள் தவறினால் கருவி கெட்டிருக்கலாம், காத்திருக்க வேண்டும். மறுநாள் அதே நேரமும் தவறினால் அக்கா கூப்பிட வேண்டும். அம்மா இந்தியாவிலிருந்து 911 அடித்தால் இங்கே வராது. ஃப்ரீமான்ட்டிலிருந்து அடித்தாலும் ஃப்ரீமான்ட் பக்கத்துக்குத்தான் போகும். அதனால் நீங்கள் இருக்கும் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், ஷெரிஃப் (காவல்துறை) அலுவலக நேரடி எண் அக்காவிடம் இருக்க வேண்டும். குவார்ட்சைட் லா பாஸ் கவுண்டி, டெத் வேலியின் பெரும்பகுதி இன்யோ கவுண்டி. அன்ஸா-பொரேகோ பெரும்பாலும் சான் டியாகோ கவுண்டி. இடம் மாறும்போது எண்ணையும் மாற்றி அனுப்புங்கள். வேனின் நிறம், நம்பர் பிளேட், பக்கவாட்டுப் படம் ஒன்று, டயர் தடத்தின் படம் ஒன்று, இவையும் அக்காவிடம் இருக்கட்டும்.

மணல்மேடு எழுதியது:

டயர் தடம் எதற்கு என்று முதலில் புரியவில்லை, பிறகு புரிந்தது: தேடுகிறவர்கள் மண்ணில் என் வண்டித் தடத்தை அடையாளம் காண. நாளை எடுத்து அனுப்பிவிடுகிறேன். மூன்று கவுண்டி எண்களையும் ஒரே தாளில் எழுதி அக்கா வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டச் சொல்கிறேன், அம்மாவுக்குத் தமிழில் ஒரு பிரதி. முதல் மாதம் லா போஸா. நெல்லிக்கனி, நீங்கள் டிசம்பரில் கோஃபா பக்கம் இருந்தால் தனிமடலில் சொல்லுங்கள், குக்கர் சாதத்துக்கு வருகிறேன்.

நெல்லிக்கனி எழுதியது:

இருப்பேன், வாங்க. குழம்பு நான் வைக்கிறேன். வரும்போது குவார்ட்சைட்டில் ஒரு கேன் தண்ணீர் கூடுதலாகப் பிடித்துக்கொண்டு வந்துவிடுங்கள், கோஃபாவுக்குள் குடிதண்ணீர் கிடையாது.